வெட்சியும் இட்லிப்பூவும்

சொல்லை அறிதல் வேறு. அச்சொல் குறிக்கும் பொருளை அறிதல் வேறு. இவ்விரண்டும் ஒன்றே என மயங்குதல் நூல் பயில்வோர்க்கு எளிதில் நேரும் குற்றமாகும். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய யாமும் அக்குற்றத்திற்குப் புறம்பானவர் அல்லேம் என்பதைச் சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி எமக்கு உணர்த்திற்று.

அன்று தொல்காப்பியப் புறத்திணையியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பகைவர் நாட்டு ஆனிரையை நள்ளிரவிற் கவர்ந்து வருதல் வெட்சித் திணை என்பதும், அதன்பொருட்டுச் செல்லும் மறவர் வெட்சிப் பூவைச் சூடுவர் என்பதும், அத்திணை குறிஞ்சிக்குப் புறமாகும் என்பதும், அதற்குரிய துறைகள் பதினான்கு என்பதும் எமக்கு நன்கு மனப்பாடம். ஆசிரியர் கேட்ட வினாக்களுக்கெல்லாம் தடையின்றி விடை கூறினோம். இறுதியில் அவர், "நன்று. உங்களுள் வெட்சியைக் கண்ணாற் கண்டவர் யாவர்?" என்று வினவினார். வகுப்பு முழுதும் வாய் மூடிற்று. எம்முள் ஒருவர் மட்டும் துணிந்தெழுந்து, "அஃது இக்காலத்தில் அழிந்துபோன பூவாக இருத்தல் வேண்டும், ஐயா," என்றார். ஆசிரியர் மறுமொழி ஒன்றும் கூறாமற் சாளரத்தருகே சென்று வெளியே கைநீட்டிக் காட்டினார். நாள்தோறும் யாம் உரசிக்கொண்டு நடக்கும் செடிவேலியில், செக்கச் சிவந்த பூங்கொத்து ஒன்று வெயிலில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

வகுப்பு முடிந்ததும் தோட்டக்காரப் பெரியவரிடம் ஓடிச் சென்று, "தாத்தா, இந்த வெட்சியை நட்டவர் நீங்கள்தாமோ?" என்று கேட்டோம். அவர் எம்மை வியப்போடு நோக்கி, "வெட்சியா? அப்படி ஒரு செடி நம் தோட்டத்தில் இல்லையே, தம்பி! இது இட்லிப்பூ," என்றார். பெயரை அறிந்த யாம் செடியை அறியோம். செடியை அறிந்த அவர் அப்பெயரை அறியார். இவ்விரண்டு அறிவையும் ஒருங்கு கூட்டுதல் வேண்டும் என்னும் ஆவல் அன்றே எம்மிடம் எழுந்தது. அதன் பயனே இக்கட்டுரை.

பெயரும் வரலாறும்

வெட்சி என்பது இச்செடியின் பழந்தமிழ்ப் பெயர். செச்சை என்பதும் இதற்குரிய மற்றொரு பெயர் என அகராதிகள் கூறும். மலையாள நாட்டார் இதனைத் தெச்சி என்றும் செத்தி என்றும் வழங்குவர். சிங்கள மொழியில் இதற்கு ரத்மல் என்று பெயர். செம்மலர் என்பது அச்சொல்லின் பொருள். நம் வீடுகளில், பூங்கொத்தின் திரண்ட உருவம் கருதிப் போலும், இட்லிப்பூ என்பர். செடி விற்போர் இக்சோரா என்பர்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பாறைமேற் குவித்த மலர்களாகத் தொண்ணூற்றொன்பது மலர்கள் எண்ணப்படுகின்றன. அவ்வரிசையிற் குறிஞ்சியை அடுத்து உடனே நிற்பது வெட்சியே. குறிஞ்சிக்குப் புறம் வெட்சி என்னும் இலக்கணத்தை ஓதிய மாணவர் இவ்வடைவைக் காணும்பொழுது ஒருகணம் நின்று மகிழாமல் இரார். திருமுருகாற்றுப்படையில் மலைச்சாரலிலுள்ள சூரர மகளிர் தம்மை அணிசெய்யுங்கால், காம்பு சிவந்த வெட்சியின் சிற்றிதழ்களை இடையிடையே வைத்துக்கொள்வதாக நக்கீரர் பாடுகின்றார். காம்பு சிவந்தது என்னும் அடைமொழியை யாம் முன்பெல்லாம் வெறும் அலங்காரம் என்றே கருதியிருந்தோம். இப்பொழுது ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பார்க்கின், பூவை மட்டுமன்றிப் பூவைத் தாங்கும் சிறு கிளைகளையும் செந்நிறம் பற்றியிருத்தல் காணலாம். புலவர் செடியைக் கண்டு பாடினார். யாமோ செடியைக் காணாது பாட்டைப் படித்தோம். பத்துப்பாட்டை 1889-ஆம் ஆண்டிலும், வெட்சிப் படலத்தை முதலாகக் கொண்ட புறப்பொருள் வெண்பாமாலையை 1895-ஆம் ஆண்டிலும் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பித்து உதவினார்கள். ஏட்டிலிருந்த வெட்சி அச்சேறி ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அது தோட்டத்திலும் இருத்தலை அறிய எமக்கு இத்துணைக் காலம் வேண்டியிருந்தது!

மேனாட்டார் இச்செடியை அறிந்த வரலாறும் சுவையுடையது. பதினேழாம் நூற்றாண்டிற் கொச்சியில் ஒல்லாந்தரின் தலைவராயிருந்த ஹென்றிக் வான் ரீடு என்பவர், மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் படங்களோடு தொகுத்து ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் பெருநூலை இயற்றுவித்தார். அஃது ஆம்ஸ்டர்டாம் நகரில் 1678 முதல் 1693 வரையில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர் தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த மருந்துச் செடியறிவை அந்நூலுக்கு வழங்கினார். அதில் நம் வெட்சி, செத்தி என்னும் மலையாளப் பெயரோடு இடம் பெற்றுளது. பின்னர் சுவீடன் நாட்டுப் பேரறிஞரும் சபைக்குருவானவர் ஒருவரின் மைந்தருமாகிய லின்னேயஸ், 1753-ஆம் ஆண்டில் இதற்கு இக்சோரா காக்சினியா என்று பெயரிட்டார். இக்சோரா என்பது ஈசுவரன் என்னும் சொல் ஐரோப்பியர் நாவில் திரிந்த வடிவம். காக்சினியா என்பது செந்நிறமுடையது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். ஆங்கிலேயர் கானகத்தின் தழல் எனப் பொருள்படும் பெயரால் இதனை அழைப்பதும் உண்டு.

செடியின் அமைப்பு

வெட்சி தென்னிந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரிய புதர்ச்செடி. வெட்டாது விடின் ஆளுயரமும் அதற்கு மேலும் வளரும். தோட்டங்களிற் பெரும்பாலும் இடுப்பளவில் நிறுத்தி வைப்பர். காபிச் செடி, கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரம், மஞ்சள் நிறக் கட்டையுடைய நுணா, பழங்காலத்துச் சாயத்தொழிலுக்கு உதவிய சாயவேர், மஞ்சிட்டி ஆகியவை இதன் குடும்பத்தைச் சார்ந்தவை. வெண்கடம்பு மரமும் இக்குடும்பத்ததே. முருகனுக்குரியனவாகப் புலவர் பாடிய கடம்பும் வெட்சியும், இக்காலத்துச் செடிநூலார் வகுத்த குடும்பத்திலும் உறவினவாக நிற்றல் காண இனிது. இக்சோரா என்னும் இனத்தில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உலகத்து வெப்ப நாடுகளிற் பரவியுள்ளன. அவற்றுள் நம் வெட்சி ஒன்று.

இதன் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே தோன்றும். ஓரிணை கிழக்கும் மேற்கும் நோக்கின், அடுத்த இணை வடக்கும் தெற்கும் நோக்கும். இதனால் மேலிலையின் நிழல் கீழிலையின்மேல் முழுதும் வீழ்வதில்லை. இலை தடித்து மினுமினுப்புடையது. காம்பு இல்லையோ என்னும்படி தண்டையொட்டி அமர்ந்திருக்கும். ஓரிணை இலைகளின் அடிகளுக்கு இடையே தண்டின் இருபுறத்தும் கூர்நுனியுடைய சிறு செதில் ஒன்று காணப்படும். காபிச் செடியிலும் இச்செதிலைக் காணலாம். பூவில்லாக் காலத்தும் இக்குடும்பத்தை அறிந்துகொள்ள இஃது ஒரு நல்ல அடையாளம்.

பூங்கொத்து கிளையின் நுனியில் மட்டுமே தோன்றும். இதனை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்; செடியை வளர்க்கும் முறை கூறுங்கால் இது மீண்டும் பயன்படும். கொத்திலுள்ள அரும்புகள் ஊசிபோல் மெலிந்து நீண்டு, நுனி மட்டும் சிறிது பருத்துக் கூர்மையாக இருக்கும். மலர்ந்தபின் ஓர் அங்குலத்துக்கு மேல் நீண்ட மெல்லிய குழலும், அதன் தலையில் நான்கு இதழ்களும் விளங்கும். கிளைகளின் நீளம் ஏற்றவாறு அமைந்துள்ளமையால், கொத்திலுள்ள பூக்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்று ஒரு சிறு குடைபோலத் தோன்றும்.

பூவின் தொழில்

இப்பூவின் உள்ளே நடைபெறும் வேலைத்திறம் வியக்கத்தக்கது. தேன் குழலின் அடியில் உள்ளது. குழலோ மிகக் குறுகியது. ஆதலின் வண்டும் ஈயும் அத்தேனை எளிதிற் பெறமாட்டா. சுருட்டி வைத்த நீண்ட உறிஞ்சுகுழலையுடைய வண்ணத்துப்பூச்சிகளுக்கே அவ்விருந்து அமைந்துள்ளது. காலை வெயில் ஏறியபின் இச்செடியருகே கால்நாழிகை நிற்பவர், பெரிய கருஞ்சிறகுடைய பூச்சிகள் கொத்துக்குக் கொத்து தாவுதலைக் காண்பர். சிறுவர்களும் இவ்விரகசியத்தை அறிவர். பூவைப் பறித்து அதன் நடுவிலுள்ள மெல்லிய நூலை அடிவழியே மெல்ல இழுத்து, அதனோடு வரும் தேன்துளியை நாவில் இடுதல் அவர்களது விளையாட்டு.

இனி, மகரந்தம் சேரும் முறையைக் கூறுவோம். அரும்பாக இருக்கும்பொழுதே மகரந்தப் பைகள் வெடித்து, நடுவில் நிற்கும் சூல்தண்டின் நுனிமீது தம் பொடியைப் பூசிவிடுகின்றன. அப்பொழுது சூல்முடியின் இரு பிளவுகளும் கைகூப்பினாற்போல ஒட்டியிருக்கும். ஆதலின் தன் பொடியைத் தானே ஏற்பதில்லை. மலர்ந்தபின் மகரந்தப் பைகள் இதழ்களின் இடையே சாய்ந்துவிட, பொடி பூசிய சூல்தண்டு மட்டும் குழலின் வாயில் நிமிர்ந்து நிற்கும். தேனுண்ண வரும் வண்ணத்துப்பூச்சியின் மீது அப்பொடி ஒட்டிக்கொள்ளும். சில காலம் கழித்தே சூல்முடி இரண்டாகப் பிரிந்து, வேறு பூவிலிருந்து வரும் பொடியை ஏற்கும். முதலிற் கொடுத்துப் பின்னர்ப் பெறுதல் இப்பூவின் ஒழுக்கம் எனலாம். அதன்பின் பட்டாணியளவான சிறு காய் தோன்றிச் சிவந்து, முற்றியபின் கருஞ்சிவப்பாகும். உள்ளே பெரும்பாலும் இரண்டு விதைகள் இருக்கும். பறவைகள் பழத்தையுண்டு விதையைப் பிற இடங்களிற் பரப்புகின்றன.

மண்ணும் நோயும்

நிற்க. இச்செடியைப்பற்றி யாம் நன்கு கற்றது நூலிலிருந்தன்று. ஒரு நோயிலிருந்தே ஆகும்.

விடுதியின் மேற்குப்புறத்தில் ஒரு சுவர் உளது. அதனையொட்டி 18 வெட்சிச் செடிகள் வேலியாக நிற்கின்றன. அச்சுவர் புதிதாகக் கட்டப்பெற்றபின் அச்செடிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. இளந்தளிர் மஞ்சளாக வெளுத்தது. ஆனால் இலையின் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக எஞ்சின. பின்பு வந்த இலைகள் சிறுத்து, வெண்மையாகி, ஓரம் கருகின. பூவே இல்லை. தோட்டக்காரப் பெரியவர் சாணவெரு இட்டார்; யூரியா இட்டார்; நாள்தோறும் கிணற்று நீர் ஊற்றினார். செடிகள் மேலும் மெலிந்தனவே அன்றித் தேறவில்லை. வேலியைப் பிடுங்கிவிட்டு இரும்புக் கம்பி நடுவது என்று முடிவாயிற்று. கம்பிகளும் வந்து கொட்டகையில் இறங்கின. தமிழ்ப்பாடத்தில் அப்பொழுதுதான் வெட்சியைக் கண்டறிந்திருந்த யாம், அதனைக் கண்ட அதே ஆண்டில் இழப்பதற்கு இசையாமல், விடுதி மேற்பார்வையாளரிடம் சென்று வேண்டினோம். அவர் நகைத்து, கிறிஸ்துமஸ் விடுமுறை வரையில் எமக்குத் தவணை கொடுத்தார்.

செடிநூற் பேராசிரியரை அழைத்துவந்து காட்டினோம். அவர் கேட்ட முதற்கேள்வி, "வெளுப்பு முதியிலையில் தொடங்கிற்றா, தளிரில் தொடங்கிற்றா?" என்பதே. தளிரில் என்றோம். அவர் விளக்கியது இது: தழைச்சத்துக் குறையுமாயின், செடி தன் முதியிலைகளிலுள்ள சத்தை எடுத்துத் தளிருக்கு அனுப்பும். அதனால் முதியிலையே முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்தோ ஓரிலையிற் சேர்ந்தபின் எளிதிற் பெயர்ந்து செல்லாது. ஆதலின் அது குறைந்தால் முதலிற் பட்டினி கிடப்பது தளிரே. இலையிற் பச்சையம் உண்டாவதற்கு இரும்பு இன்றியமையாதது. அதுவின்றித் தளிர் பச்சை நிறம் பெறாது.

"அங்ஙனமாயின் மண்ணில் இரும்பு இல்லையோ?" என்றோம். "இருக்கிறது; செடிக்கு எட்டவில்லை," என்று கூறிய அவர், வேரருகே ஓரடி தோண்டச் சொன்னார். உடைந்த செங்கல்லும், காரைக்கட்டியும், சுண்ணாம்பும், சிமெண்டுத் துண்டுகளும் வெளிவந்தன. சுவர் எழுப்பியபொழுது மிஞ்சியவை அவ்வாய்க்காலிலேயே புதையுண்டு கிடந்தன. வேதியியற் கூடத்திலிருந்து கொணர்ந்த நீர்த்த அமிலத்தை அம்மண்ணின்மீது சில துளி விடவும், அது சீறி நுரைத்தது. சுண்ணாம்பு உளது என்பதற்கு அந்நுரையே சான்று.

மண்ணின் புளிப்பையும் காரத்தையும் பி. எச். என்னும் எண்ணால் அளப்பர். 7 என்பது நடுநிலை. அதனிற் குறைந்தது புளிப்பு மண். மிகுந்தது கார மண். வெட்சி 5-க்கும் 6-க்கும் இடைப்பட்ட புளிப்பு மண்ணையே பெரிதும் விரும்பும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு நீரிற் கரையா வடிவமாகி அடைபட்டுவிடும். வேரைச் சுற்றி இரும்பு நிறைந்திருந்தும் செடி அதனை உண்ண இயலாது. இந்நோய் நம் சுவரோரத்துக்கே உரியதன்று. அமெரிக்க நாட்டுத் தென் புளோரிடாவில் இச்செடியை வேலியாகப் பெரிதும் நடுகின்றனர். அங்கு நிலமே சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்துள்ளமையால், இதே மஞ்சள் நோய் அங்குள்ள தோட்டக்காரரையும் வருத்துகின்றது.

இவ்விடத்தில் எமக்கு ஒரு செய்தி மின்னலெனத் தோன்றிற்று. மலைச்சரிவில் மழை மிகுதி. அம்மழை பன்னூறாண்டுகளாக மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். எஞ்சுவது இரும்பு மிக்க புளிப்புச் செம்மண். மேற்குமலைச் சாரலிலும் அதனைச் சார்ந்த செம்மண் நிலங்களிலும் வெட்சி தானே செழித்து வளர்வது இதனால்தான். குறிஞ்சிக்குப் புறம் வெட்சி என்று யாம் மனப்பாடம் செய்த விதிக்கு உரையாசிரியர் காட்டும் காரணம் வேறு. களவும், கங்குற்பொழுதும், மலைசார்ந்த இடமும் இரண்டற்கும் பொது என்பர். தொல்காப்பியனார் மண்ணின் புளிப்பை அளந்தார் என்று கூற யாம் முற்படவில்லை. ஆயினும், எந்நிலத்துப் பூ எது என்று அக்காலத்தார் கண்ட காட்சி பொய்படவில்லை என்பதை எம் விடுதிச் சுவரோரம் மெய்ப்பித்தது. குறிஞ்சி நிலத்துச் செடியைக் கொணர்ந்து காரைக்குழியில் நட்டால், அது தன் திணையை மறப்பதில்லை. தளிர் வெளுத்து முறையிடுகின்றது.

வளர்க்கும் முறை

நோயின் காரணம் தெரிந்தபின் வேலை தொடங்கினோம். ஆவணி மாதத்து மாலைகளிற் பந்தாட்டத்தை விட்டு மண்வெட்டி பிடித்தோம். செடிகளின் வேர் அறாதபடி இருபுறத்தும் தோண்டிக் காரைக் குப்பையை அகற்றினோம். அக்குழிகளில் செம்மண்ணும், மட்கிய இலையுரமும் கலந்து நிரப்பினோம். அன்னபேதி எனப்பெறும் இரும்புப் பொருளை ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளின்மேல் தெளித்தோம். சுண்ணாம்பு மண்ணிலும் அடைபடாதவாறு வேறொரு பொருளோடு பிணைத்துச் செய்த இரும்புரமும் இக்காலத்திற் கிடைக்கின்றது. வேருக்கு இடுவதற்கு அதுவே ஏற்றது. எம் கிணற்று நீர் உப்புக் கடினமுடையது. ஆதலின் ஐப்பசி மழை தொடங்கியபின் கூரைநீரைத் தொட்டியிற் பிடித்து அதனையே ஊற்றினோம். செடியின் அடியில் உதிர்ந்த இலைகளைப் பரப்பி, ஈரம் காக்கச் செய்தோம்.

வெளுத்த பழைய இலைகள் பெரும்பாலும் தேறவில்லை. ஆனால் ஆறேழு வாரங்களுக்குப் பின் வந்த தளிர் பசுமையாக வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் எண்ணிப் பார்த்தோம். 18 செடிகளில் 5 பட்டுப்போயின, 13 பிழைத்தன. பட்டுப்போன ஐந்தும் சுவரின் மூலையில், குப்பை மிகுதியாய்ப் புதைந்த இடத்தில் நின்றவை. அவற்றுக்கு எம் உதவி காலந்தாழ்ந்து வந்தது.

வேலி பிழைத்தும் பூக்கவில்லை. அதற்குரிய காரணத்தைப் பேராசிரியர் கூற வேண்டியிராமல் யாமே கண்டறிந்தோம். பூங்கொத்து கிளைநுனியில் மட்டுமே தோன்றும் என்று மேலே கூறினோம் அல்லவா? எம் பெரியவர் வேலியின் தலை நேராக இருத்தல் வேண்டும் என்னும் கடமையுணர்ச்சியால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கத்திரியால் நுனிகளையெல்லாம் நறுக்கிவந்தார். முற்றிப் பூக்கவேண்டிய நுனி ஒவ்வொன்றும் முற்றுமுன்னரே வீழ்ந்தது. இச்செடியை வெட்டுவதற்கு உரிய காலம், ஒரு பருவப் பூ உதிர்ந்த உடனே ஆகும். அப்பொழுது வெட்டினால் வெட்டிய இடத்தின்கீழ் இருபுறத்தும் கிளைகள் புறப்பட்டு, ஒரு நுனி இரண்டாகும். அடுத்த பருவத்தில் ஒரு கொத்து நின்ற இடத்தில் இரண்டு நிற்கும். இதனைத் தாத்தாவிடம் எடுத்துரைப்பதற்கு எமக்குச் சிறிது அச்சமாகவே இருந்தது. அவர் கேட்டுவிட்டுச் சற்று நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "நாற்பது வருஷமாகப் பூவைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேனா, தம்பி?" என்றார். அன்று முதல் அவ்வேலியிற் கத்திரி படவில்லை.

பட்டுப்போன ஐந்து செடிகளின் இடத்தை நிரப்பும் முறையையும் அவரே எமக்குக் கற்பித்தார். மிக இளையதும் மிக முதிர்ந்ததும் அல்லாத கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டி, கீழிலைகளைக் களைந்து, மேலிலைகளைப் பாதியாக நறுக்கி, மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வைத்தல் வேண்டும். ஈரம் உலரலாகாது, நீர் தேங்கவும் ஆகாது. வேர் பிடிக்க ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரையிற் செல்லும். தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணிற் பதியன் போடுதலும் உண்டு. விதையாலும் செடி முளைக்கும். ஆனால் பூப்பதற்கு நெடுநாள் காத்தல் வேண்டும். வளர்ந்த செடிக்கு நாள்தோறும் சில மணி நேரமேனும் நல்ல வெயில் வேண்டும். நிழலில் இலை செழிக்கும், பூக் குறையும். தண்டில் வெள்ளைப் பஞ்சுபோன்ற மாவுப்பூச்சியும், இலைமேற் கரி படிந்தாற்போன்ற பூசணமும் தோன்றுமாயின், எறும்பு ஏறும் வழியை நோக்குதல் வேண்டும். மாவுப்பூச்சி கசியும் இனிய நீரின்பொருட்டு எறும்புகள் அதனைக் காக்கும். அந்நீரின்மேலேயே கரும்பூசணம் வளரும். பூச்சியை நீக்கின் கரியும் தானே நீங்கும்.

முடிவுரை

மாசி மாதத்தில் ஒரு காலை, மேற்குச் சுவரின் ஏழாம் செடியில் முதற்கொத்து மலர்ந்தது. பங்குனிக்குள் 13 செடிகளும் சிவந்தன. இரும்புக் கம்பிகள் இன்றும் கொட்டகையிலேயே கிடக்கின்றன. அவற்றைப்பற்றி மேற்பார்வையாளர் ஒன்றும் கூறவில்லை, யாமும் நினைவூட்டவில்லை. இரும்பின்றி வாடிய செடியைப் பிடுங்கி, அவ்விடத்தில் இரும்பையே நட இருந்த விந்தையை எண்ணி எமக்குள் நகைத்துக்கொண்டோம்.

இவ்வளவும் கூறியது வெட்சியின் பெருமையை விரிப்பதற்கு மட்டுமன்று. மண்ணில் இரும்பு நிறைந்திருந்தும் வேருக்கு எட்டாமற் போனதுபோலவே, எம் ஏடுகளிற் சொற்கள் நிறைந்திருந்தும் எம் கண்ணுக்கு எட்டாமல் அடைபட்டுக் கிடந்தன. கபிலர் எண்ணிய தொண்ணூற்றொன்பது மலர்களில் ஒன்றையே யாம் இதுவரையிற் கண்ணாலும் கையாலும் அறிந்துள்ளோம். எஞ்சிய தொண்ணூற்றெட்டும் எங்கே உள்ளன? சில எம் வீட்டு முற்றத்திலும், சில வயல் வரப்பிலும், சில மலையிலும், வேறு பெயர் பூண்டு எம்மை எதிர்நோக்கி நிற்றல் கூடும். அவற்றைத் தேடும் பணியில் செடிநூல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒருவரையொருவர் நாடுதல் வேண்டும். தோட்டக்காரரை இருவரும் நாடுதல் வேண்டும்.

இக்கல்வியாண்டின் தொடக்கத்திற் புதிதாக வந்த மாணவர் ஒருவர் அவ்வேலியருகே நின்று, "இஃது என்ன பூ, தாத்தா?" என்று கேட்டதை யாம் தற்செயலாகக் கேட்க நேர்ந்தது. பெரியவர் நீர்க்குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "வெட்சி, தம்பி. அந்தக் காலத்தில் மாடு பிடிக்கப் போகிற வீரர்கள் சூடிய பூ," என்றார், பின்பு சிறிது தாழ்ந்த குரலில், "இட்லிப்பூ என்றும் சொல்லுவார்கள்," என்று கூட்டினார். கல்லூரிக்கு மீண்டும் வரும் பழைய மாணவர்கள் மேற்குச் சுவரோரமும் ஒருமுறை நடந்து செல்வார்களாக. மூலையில் உள்ள ஐந்து சிறு செடிகள் யாம் நட்டவை. அவை இன்னும் பூக்கவில்லை.